ஐஸை யாரும் அளப்பதில்லை

நம் டயாலிசிஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பொறுப்பு நர்ஸ் அக்கா கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பணி அனுபவம் என்றால் தலை நரைத்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியது. நான் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலையை விட்டவள். அதை அக்காவிடம் சொன்னேன்.

"நரைச்சவங்க எல்லாம் மறந்துட்டாங்க. உனக்குத்தான் இன்னும் உறுத்திக்கிட்டு இருக்கு. நீயே எழுது" என்றார்.

உறுத்துகிறது என்பது உண்மை. அதனால் எழுதுகிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதையும் ஒரே தடவையில் நம்பி விட்டுவிடத் தெரியாது. இப்போது வீட்டில் மகளுக்குப் பால் கொடுக்கும்போதும் புட்டியில் எத்தனை மில்லி ஊற்றினேன், எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கழித்துப் பார்க்கிறேன். என் கணவர், "அது புள்ளையா, பேஷண்டா?" என்று கேட்கிறார்.

இயந்திரத்தை எப்படித் தயார் செய்வது, ஊசியை எங்கே போடுவது என்பதையெல்லாம் அக்கா உங்களுக்குச் சொல்லித் தருவார். நான் எழுதப்போவது குடிக்கிற பொருள்களின் அளவைப் பற்றி. சின்ன விஷயம் போலத் தோன்றும். அப்படித்தான் எனக்கும் தோன்றியது.

நம்மிடம் வருகிறவர்களுக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. குடித்தது வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், பிறகு நுரையீரலில் சேரும், பிறகு படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குவார்கள். அதனால் மருத்துவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் அளவு சொல்லியிருப்பார். பலருக்கு அது ஒரு லிட்டருக்கும் குறைவு. காபி, மோர், ரசம், பழச்சாறு, மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

மருத்துவர் மில்லியில் சொல்வார். தருமபுரி மாவட்டத்தில் மில்லியில் குடிக்கிற வீடு ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. டம்ளரில் குடிக்கிறார்கள், சொம்பில் குடிக்கிறார்கள், டீக்கடைக் கிளாசில் குடிக்கிறார்கள். வயலில் கேனைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிறார்கள். மருத்துவரின் மில்லியை அவர்களுடைய பாத்திரத்துக்கு மாற்றிக் கொடுப்பது நம் வேலை. படிவம் எதிலும் இது இருக்காது. ஆனாலும் நம் வேலைதான்.

அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதிதாக வருகிறவர் வீட்டில் தினமும் குடிக்கிற பாத்திரத்தையே கொண்டுவர வேண்டும். பெரிய சிரிஞ்சால் அளந்து தண்ணீர் ஊற்றி, நூறு மில்லி எங்கே வருகிறது என்று நகப்பூச்சால் கோடு போட்டுக் கொடுப்போம். நகப்பூச்சு சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் சீக்கிரத்தில் போகாது. இந்த வேலையை அக்கா என்னிடம் கொடுத்திருந்தார். நான் சலிக்காமல் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

செய்யச் செய்யத்தான் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தது. கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் டம்ளர் முந்நூறைத் தாண்டும். அதே வீட்டில் குழந்தைக்கு வைத்திருக்கிற டம்ளர் நூற்றைம்பதுதான் பிடிக்கும். இரண்டையும் 'ஒரு டம்ளர்' என்றே சொல்வார்கள். கேழ்வரகுக் கூழை யாரும் தண்ணீர்க் கணக்கில் வைப்பதில்லை. பசிக்குச் சாப்பிட்டது என்பார்கள். ஒரு சொம்புக் கூழில் பாதிக்கு மேல் தண்ணீர். தர்பூசணியும் அப்படித்தான். அட்டைப் பெட்டியில் வருகிற ஜூஸ் ஒன்றில்தான் மேலேயே மில்லி எழுதியிருக்கும். அதை நம்மவர்கள் அதிகம் வாங்குவதில்லை.

அப்படி ஒரு காலையில்தான் ஆறுமுகம் அண்ணன் தன் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். ஆனால் நீங்கள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அரூரில் பஸ் நிலையத்துக்கு வெளியே கரும்புச்சாறுக் கடை வைத்திருப்பவர். மனைவி செல்வி அக்காவும் கடையில் நிற்பார். அண்ணன் பையிலிருந்து எடுத்தது கடையில் சாறு ஊற்றிக் கொடுக்கிற கனமான கண்ணாடிக் கிளாஸ்.

"வூட்ல குடிக்கிறது கொண்டாங்கன்னா கடைக் கிளாஸக் கொண்டாந்திருக்கீங்களே?"

"வூட்டுக்கு எங்கங்க போறோம், தூங்கத்தான் போறோம். பகலெல்லாம் கடைதான்."

பக்கத்துக் கட்டிலில் இண்டூர்ப் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். எல்லாரையும் வம்புக்கு இழுப்பவர். "கடைக் கிளாஸ்ல தண்ணியா குடிப்ப? மிசினத் தொறந்து வாயில புடிச்சிக்குவ" என்றார்.

"ஐயா, நான் கரும்புச்சாறு குடிச்சு எத்தினியோ வருசம் ஆவுது. விக்கிறவனுக்கு அந்த வாசனையே ஆவாது."

நான் கிளாசில் தண்ணீரை அளந்து ஊற்றினேன். விளிம்புக்கு விரல் அகலம் கீழே வரும்போது இருநூற்றைம்பது ஆகியிருந்தது. நூறுக்கும் இருநூறுக்கும் கோடு போட்டேன். "காலையில காபி நூறு. மத்தியானம் இருநூறுக்குள்ள. மாத்திரைக்கு ஒரு வாய்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"நூத்தி எம்பதுன்னு சொல்லுங்க சிஸ்டர். அது எங்களுக்குப் பழக்கமான அளவு" என்றார் இண்டூர்ப் பெரியவர்.

"அதென்ன நூத்தி எம்பது?" என்று நான் கேட்டுவிட்டேன். அறை முழுக்கச் சிரித்தது. குவார்ட்டர் பாட்டிலின் அளவு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

செல்வி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கோடு போட்ட கிளாசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு மேல ஒரு சொட்டு எறங்காது சிஸ்டர். நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவருடைய அக்கறைக்குக் காரணம் இருந்தது. தன்னுடைய ஒரு சிறுநீரகத்தைக் கணவருக்குக் கொடுக்க அவர் முடிவு செய்திருந்தார். சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் பரிசோதனைகள் எடுத்து முடித்திருந்தார்கள். பொருந்துகிறது என்று சொல்லியிருந்தார்கள். செல்வி அக்காவுக்குச் சர்க்கரை கொஞ்சம் மேல் எல்லையை ஒட்டி இருந்தது. ஆனாலும் பரவாயில்லை என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவர்கள் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. நோயாளி சொன்னபடி நடக்கிறவரா? மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு வாழ்நாள் முழுக்க மாத்திரை தவறக் கூடாது. தண்ணீர்க் கட்டுப்பாட்டையே காப்பாற்றாதவர் மாத்திரையை எப்படிக் காப்பாற்றுவார் என்பது அவர்கள் நினைப்பு. அதில் தப்பும் இல்லை. ஒரு மனுஷி தன் உறுப்பை அறுத்துக் கொடுக்கிறாள், அது வீணாகக் கூடாது.

அன்று கிளம்பும்போது அண்ணன், "தாகம் தாங்கலன்னா என்னங்க பண்றது?" என்று கேட்டார். சித்திரை வெயில். கடை தெருவோரம். நான் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன். வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். எலுமிச்சைத் துண்டை நாக்கில் வையுங்கள். ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு மெதுவாகக் கரைய விடுங்கள்.

நம் பிரிவில் எல்லாரும் இதைச் சொல்வோம். நீங்களும் சொல்வீர்கள். தவறில்லை.

அதன் பிறகு எடை ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் எடை பார்ப்போம் அல்லவா, ஒரு கிலோ கூடியிருந்தால் ஒரு லிட்டர் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அண்ணனுக்கு மூன்று கிலோ, நான்கு கிலோ என்று கூடியது. அவ்வளவையும் ஒரே அமர்வில் எடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். தசை பிடித்துக்கொள்ளும். பாதி நேரம் அவர் காலை நீவிவிட்டபடி நான் நிற்பேன்.

"அண்ணா, நெசத்தச் சொல்லுங்க. எவ்ளோ குடிக்கிறீங்க?"

"நீங்க போட்ட கோட்டத் தாண்டலீங்க."

"அப்ப நாலு கிலோ எங்கிருந்து வருது?"

"அது எனக்கு எப்பிடிங்க தெரியும்? நீங்கதான படிச்சவங்க."

இண்டூர்ப் பெரியவர் கண்ணை மூடியபடியே சொன்னார்: "பூனைக்குப் பக்கத்துல பாலை வெச்சிட்டு, பாலு எங்க போச்சின்னு பூனையையே கேக்கறாங்க."

அண்ணனுக்கு முகம் சிறுத்துவிட்டது. செல்வி அக்கா அன்று அவரிடம் பேசாமல் பஸ் ஏறினார். அடுத்த முறை வந்தபோது தண்ணீர்க் குடத்தை உள்ளறையில் வைத்துப் பூட்டுவதாக என்னிடம் சொன்னார். கடையில் மகளைக் காவலுக்கு உட்கார வைத்திருப்பதாகவும் சொன்னார். "அப்பா குடிச்சா சொல்லுன்னு புள்ளகிட்ட சொல்லிட்டேன் சிஸ்டர்." அந்தப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் அப்பாவை வேவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினேன். நல்லது என்றுகூடச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

சேலத்திலிருந்து போன் வந்தது ஒரு மோசமான காலை வேளையில். அக்கா விடுப்பில் இருந்தார். ஓர் இயந்திரம் விட்டுவிட்டு அலறிக்கொண்டிருந்தது. இன்னொரு கட்டிலில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, காலை உயர்த்தி வைத்துவிட்டு வந்திருந்தேன். அதற்கு முன்னால்தான் என் மாமியார் கூப்பிட்டு, குழந்தை காலையிலிருந்து புட்டியைத் தள்ளிவிடுகிறது என்று சொல்லியிருந்தார். நான் அப்போது பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. இவையெல்லாம் காரணம் என்று சொல்லவில்லை. அன்று அப்படி இருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கும் இப்படிப்பட்ட நேரத்தில்தான் போன் வரும்.

மருத்துவர் தன் அறையில் இருந்தார். ஆறுமுகம் அண்ணனைப் பற்றிக் கேட்கிறார்கள், என்ன சொல்வது என்று ஓடிப்போய்க் கேட்டேன். "தினமும் பாக்கறது நீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க" என்றார்.

போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். மாற்று அறுவை சிகிச்சைகளை ஒருங்கிணைப்பவர். ஆறுமுகத்துக்கு நாள் குறிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் ஒரு கேள்வி. "தண்ணீர் விஷயத்துல சொன்னபடி நடக்கறாரா, சிஸ்டர்?"

என் முன்னால் எடைகள் இருந்தன. அவர் பொய் சொல்பவர் இல்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல முடியுமா? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், எடை இவ்வளவு ஏறியிருக்கும்போது எப்படிச் சொன்னாய் என்று கேட்பார்களே?

"எடை ரொம்ப ஏறிட்டு வருதுங்க. கோட்டத் தாண்டலன்னுதான் சொல்றார். ஆனா ஏறுது. காரணம் தெரியல."

"சரி சிஸ்டர். இப்ப வேண்டாம். ரெண்டு மூணு மாசம் பார்ப்போம். சீரானா மறுபடியும் பேசலாம்."

நான் "சரிங்க" என்றேன். இயந்திரம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. ஓடிவிட்டேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. பொய் சொல்லியிருந்தால் வருத்தப்படுவது எளிது.

நாள் தள்ளிப்போனதை மருத்துவர் அவர்களிடம் பொதுவாகச் சொன்னார், எடை சீராகட்டும் என்று. போன் வந்ததையோ அதில் நான் பேசியதையோ அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. செல்வி அக்கா அண்ணனைப் பார்த்து, "கொஞ்சம் வாயக் கட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார். அண்ணன் கையிலிருந்த குழாயைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பிறகு ஒரு நாள் திருவண்ணாமலைப் பக்கம் உள்ள என் அம்மா வீட்டுக்குக் குழந்தையோடு கிளம்பினேன். அரூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். குழந்தைக்கு வெந்நீர் வாங்கலாம் என்று பஸ் நிலையத்துக்கு வெளியே வந்தபோது கரும்பு இயந்திரத்தின் சலங்கைச் சத்தம் கேட்டது.

கடையில் கூட்டம். செல்வி அக்கா கரும்பை மடித்து, நடுவில் இஞ்சியும் எலுமிச்சையும் வைத்து இயந்திரத்துக்குள் கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் சக்கையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, சாக்கில் சுற்றிய ஐஸ் பாளத்தைக் கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்த துண்டுகளைக் கிளாசில் போட்டு நகர்த்துவார், செல்வி அக்கா சாறை ஊற்றுவார்.

"அண்ணா, ஐஸ் கம்மியாப் போடுங்க. பாதி கிளாஸ் ஐஸே இருக்குது" என்றான் ஒரு கல்லூரிப் பையன்.

"ஐஸ் போட்டாத்தான்டா தம்பி சாறு கெடாம நிக்கும். சாறு உனக்குக் கொறையாது" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுக் கையிலிருந்த ஒரு துண்டைத் தன் வாயில் போட்டார். கன்னம் உப்பியது. அது கரைந்ததும் இன்னொன்று. பக்கத்தில் நகப்பூச்சுக் கோடு போட்ட கிளாஸ் இருந்தது. அதில் கோட்டுக்கு நன்றாகக் கீழேதான் தண்ணீர் இருந்தது. அதை அவர் தொடவே இல்லை.

நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தை இடுப்பில் கனத்தது. அவர் பேசியபடி, சில்லறை கொடுத்தபடி, ஐஸை வாயில் போட்டுக்கொண்டே இருந்தார். மகள் எதிரிலேயே இருந்தாள். அப்பா குடித்தால்தானே அவள் சொல்ல வேண்டும்? அவர் குடிக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க சிஸ்டர், வாங்க. பாப்பாவா? இங்க நெழல்ல உக்காருங்க. செல்வி, சிஸ்டருக்கு ஐஸ் இல்லாம ஒரு கிளாஸு குடு."

"அண்ணா, வாயில என்ன?"

"ஐஸுங்க. நீங்கதான சொன்னீங்க, தாகம் எடுத்தா ஐஸ் போட்டுக்கச் சொல்லி. அதுல இருந்துதான் உசுரு ஓடுது."

"ஒரு நாளைக்கு எவ்ளோ போட்டுக்குவீங்க?"

அவர் விளங்காமல் பார்த்தார். "ஐஸை யாருங்க அளக்கறாங்க?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் தொழிலில் ஐஸ் கணக்கிலேயே வராது. கிளாசில் கழித்துப் பார்க்க வேண்டிய பொருள் அது. சாறு எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று வாங்குகிறவனோடு தினமும் சண்டை போடுகிற மனிதர் அவர். ஐஸைச் சாறென்று எண்ணினால் அது மோசடி. அதே நேர்மையோடு தன் தண்ணீர்க் கணக்கிலும் ஐஸை எண்ணாமல் விட்டிருக்கிறார். நான் ஒரு கட்டி என்று சொன்னபோது என் மனதில் இருந்தது வீட்டு ஃபிரிட்ஜ் தட்டில் உறைகிற சின்னக் கட்டி. அது இருபது மில்லி வரும். அது அவருடைய கணக்கில் சேர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. எனக்கு அது தெரிந்த விஷயம், அதனால் சொல்லவில்லை.

"அக்கா, ஒரு காலிக் கிளாஸ் குடுங்க" என்றேன்.

அண்ணனிடம், கடை திறந்ததிலிருந்து இப்போது வரைக்கும் வாயில் போட்டுக்கொண்டது எவ்வளவு இருக்கும், அவ்வளவையும் இதில் போடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போட ஆரம்பித்தார். கிளாஸ் நிறைந்தது. இன்னொரு கிளாஸ் கேட்டார். அதுவும் நிறைந்தது. "இன்னும் கொஞ்சம் இருக்கும்" என்றார். அப்போது நண்பகல்கூட ஆகவில்லை.

இரண்டு கிளாஸ்களையும் நிழலிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தேன். நான் போக வேண்டிய பஸ் போய்விட்டது. உட்கார்ந்திருந்தோம். செல்வி அக்கா வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார். துண்டுகளின் முனை மழுங்கியது, சரிந்தது, ஒன்றோடொன்று ஒட்டியது, பிறகு மிதந்தது. கடைசியில் இரண்டு கிளாசிலும் வெறும் தண்ணீர். இரண்டும் பாதிக்கு மேல் நின்றது.

செல்வி அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். கோடு போட்ட கிளாசைக் காலி செய்து, அந்தத் தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்தார். முதல் கிளாஸ் தண்ணீர் நூறைத் தாண்டிப் போனது. இரண்டாவதை ஊற்றியபோது இருநூறையும் தாண்டி, விளிம்பில் வழிந்து அவர் கையை நனைத்தது.

அண்ணன்தான் முதலில் பேசினார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. நான் எதிர்பாராத ஒரு சந்தோஷம் இருந்தது. மகளைப் பார்த்து, "பாத்தியா? அப்பன் பொய் சொல்லல, பாத்தியா?" என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். "கோட்டத் தாண்டலன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

"ஆமா, பெரிய அரிச்சந்திரன்" என்றார் செல்வி அக்கா. முந்தானையால் கையைத் துடைப்பதுபோல முகத்தையும் துடைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டினார்.

அன்றிலிருந்து ஐஸுக்கும் அளவு வைத்தோம். அடுத்த வாரத்திலிருந்தே எடை இறங்கியது. நான் சேலத்துக்கு நானே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். "இதை முன்னாடியே பார்த்திருக்கலாமே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இருவரையும் வரச் சொல்லி மறுபடியும் பரிசோதனை எடுத்தார்கள்.

இந்த முறை செல்வி அக்காவின் சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. சர்க்கரை நோய் வந்தவரிடம் சிறுநீரகம் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கொடுப்பதற்கு வேறு ஆள் அந்தக் குடும்பத்தில் இல்லை. அண்ணன் பெயர் இப்போது இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் வரிசையில் இருக்கிறது. அது நகரும்போது நகரும்.

நான் மருத்துவரிடம் போய்க் கேட்டேன். அன்று நான் போனில் வேறு மாதிரி சொல்லியிருந்தால்?

"அப்பவே செஞ்சிருந்தா, ஒத்தச் சிறுநீரகத்தோட அந்தம்மாவுக்குச் சர்க்கரை வந்திருக்கும். அது நல்லதான்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன். சில நாள் பிடி நிற்கிறது. சில நாள், அந்தக் கவலையில் சாப்பிடாமல், தூங்காமல் அவர் அலைந்த மாதங்கள்தான் சர்க்கரையை எல்லைக்கு வெளியே தள்ளினவோ என்று தோன்றுகிறது. அப்படியெல்லாம் கணக்குப் போட முடியாது என்று எனக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அந்தப் போனில் ஆம் என்றும் இல்லை என்றும் மட்டும்தான் பதில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்றாவதாக ஒன்று இருந்தது. 'ரெண்டு நாள் கொடுங்க, அவர் கடையில போய் உட்கார்ந்து பாத்துட்டுச் சொல்றேன்.' யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். பாத்திரத்தை இங்கே கொண்டுவரச் சொல்லிக் கோடு போட்டவள், அந்தப் பாத்திரம் இருக்கிற இடத்துக்கு நான் ஒரு தடவையும் போகவில்லை. பஸ் மாறும்போது தற்செயலாகத்தான் போனேன்.

வேலையை விடுகிற அன்று செல்வி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சேலத்துல பேசறப்ப சொன்னாங்க, முன்னாடியே உங்ககிட்டதான் கேட்டாங்களாமே. என்ன சிஸ்டர் சொன்னீங்க?"

சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன். அவர் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக் கேட்டிருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன்" என்றார். "வூட்டுக்காரி நானே நம்பல. நீங்க எப்பிடி நம்புவீங்க." கொஞ்சம் படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "அவருகிட்ட மட்டும் இது வேணாம் சிஸ்டர். உங்களப் பத்தி ரொம்பப் பெருமையா பேசிட்டுத் திரியறாரு."

இதை எழுதலாமா என்று செல்வி அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அவர் கேட்டுக்கொண்டதை நீங்களும் காப்பாற்ற வேண்டும்.

ஏனென்றால் அண்ணன் வாரத்தில் மூன்று நாள் உங்களிடம் வருவார். ஜன்னலோரக் கட்டில்தான் கேட்பார். நீங்கள் புதியவர்கள் என்று தெரிந்தால் ஊசி போட்டு முடிப்பதற்குள் கதையை ஆரம்பித்துவிடுவார். எல்லாரும் தன்னைத் திருடன் என்றபோது ஒரு சிஸ்டர் கைக்குழந்தையோடு அரூருக்கே தேடி வந்து, பஸ்ஸை விட்டுவிட்டு, வெயிலில் ஐஸை உருக்கிக் காட்டித் தன் மானத்தைக் காப்பாற்றினார் என்று சொல்வார். அந்தக் கதையில் போன் வராது. அவர் அதைக் கையை ஆட்டி ஆட்டித்தான் சொல்வார், ஊசி இருக்கிற கை என்ற நினைவே இருக்காது. நீங்கள் எதையும் திருத்த வேண்டாம். ஊசி நகராமல் அந்தக் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.